வெண்டைக்காயும் வழுக்கைத் தலையும்

நடுவர் அவர்களே! 'தலையில நாலு முடி முளைக்க இத்தனை விசாரணையா?'ன்னு எதிரணி அம்மா கேட்டுட்டுப் போறாங்க. வெண்டைக்காய் வாங்கினாக்கூட நுனியை ஒடிச்சுப் பார்க்கிறோமேம்மா! (சிரிப்பு)

2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட ஓர் இளைஞர் சில நாளில் இறந்துபோனார். அவர் யார் தெரியுமா? மருத்துவக் கல்லூரி மாணவர்! டாக்டருக்குப் படிச்ச பிள்ளைக்கே அந்தக் கதி. யூடியூபில் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் சொல்ல வேண்டியிருந்தது.

தோல் மருத்துவமா, பிளாஸ்டிக் சர்ஜரியா, எதில் பட்டம்னு கேளுங்க. பதிவு எண்ணை வாங்கி மருத்துவ கவுன்சில் பட்டியலில் பாருங்க. மயக்க ஊசி போடுறவர் கடைசிவரை கூட இருப்பாரான்னும் கேளுங்க. கோவிச்சுக்கிட்டாரா? செருப்பை மாட்டிக்கிட்டு வந்துடுங்க. வழுக்கையோட திரும்பி வந்தா எந்த வீட்டுக்காரம்மா கதவைச் சாத்தப் போறாங்க? (கைதட்டல்)