சோமாவும் மனச்சோர்வு மாத்திரையும்

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிற ஒருவரைப் பார்த்து, "இதைத்தானே ஹக்ஸ்லி அன்றைக்கே எழுதினார்" என்று சொல்வது படித்தவர்களிடையே வழக்கமாகிவிட்டது. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் வரும் சோமா மாத்திரையைத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பேச்சு நோயாளியைக் கூனிக்குறுக வைக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நாவலில் அரசாங்கம் இரண்டாயிரம் விஞ்ஞானிகளுக்கு மானியம் கொடுத்துச் சோமாவை உருவாக்குகிறது. அன்றாட வேலை முடிந்ததும் தொழிலாளிக்கு அது பங்கிட்டுத் தரப்படுகிறது. மனம் லேசாக வாடினால் அரை கிராம் போதும், கவலை உடனே கரைந்துவிடும். மறுநாள் தலைவலிகூட இராது. லிண்டா என்ற பெண் அளவில்லாமல் அதையே விழுங்கி, மயக்கத்திலேயே உயிரை விடுகிறாள். அவள் மகன் ஜான் துக்கம் தாளாமல், ஊழியர்களுக்கு வைத்திருந்த சோமாவை ஜன்னல் வழியே வாரி எறிகிறான். கலவரம் மூள்கிறது. காவலர்கள் வந்து சோமாவை ஆவியாகக் காற்றில் பீய்ச்சுகிறார்கள். சற்று முன் அடித்துக்கொண்ட கூட்டம் கண்ணீரோடு கட்டித் தழுவிக்கொள்கிறது. நாவலில் என்னை மிகவும் அச்சுறுத்திய இடம் இது.

நிஜ மருந்தின் கதை வேறு. 1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் கொடுத்தார்கள். சோர்ந்து கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், பசித்துச் சாப்பிட்டார்கள். மனச்சோர்வுக்கான மருந்துகளில் முதலாவது இப்படி எதிர்பாராமல் கிடைத்தது. பின்னால் வந்த புளுவாக்ஸெடின், 1987 டிசம்பரில் அமெரிக்காவில் 'புரோசாக்' என்ற பெயரில் அனுமதி பெற்றது. அதைப் போட்ட அன்றைக்கு இன்பம் எதுவும் வருவதில்லை. முதல் வாரத்தில் குமட்டலும் தூக்கக்கேடும்தான் வரக்கூடும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அந்தப் பலனும் என்ன? காலையில் எழுந்து குளிக்கத் தெம்பு வரும். பிள்ளை பேசுவது காதில் விழும். அழவேண்டியதற்கு அழவும் முடியும். சோமா பறித்துக்கொண்டதே இவற்றைத்தான்.

சிலருக்கு வேறு மாதிரி ஆகிறது. துக்கமும் தொடுவதில்லை, மகிழ்ச்சியும் தொடுவதில்லை, எல்லாம் மரத்துப்போனது போல் இருக்கிறது என்கிறார்கள். அது உண்மையான பக்கவிளைவு. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். 2018-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு 522 பரிசோதனைகளைத் தொகுத்து 21 மருந்துகளை எடைபோட்டது. எல்லாமே வெற்று மாத்திரையைவிட மேல், ஆனால் சராசரி வித்தியாசம் பெரிதல்ல என்று அது கண்டது.

ஹக்ஸ்லியின் அச்சத்துக்கு நெருக்கமாக வந்தது 1955-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மில்டவுன் என்ற அமைதி மாத்திரை. பதற்றத்தை உடனே தணிக்கும் அது, பழக்கமாகவும் பிடித்துக்கொள்ளும். 1958-இல் அவர் தம் நாவலை மறுபடி எடுத்து ஆராய்ந்தபோது இத்தகைய மாத்திரைகளைப் பற்றியும் கவலைப்பட்டார்.

அந்தக் கவலை இன்றும் ஓர் இடத்தில் பொருந்துகிறது. இங்கிலாந்தில் 2023-24-இல் சுமார் 87 லட்சம் பேருக்கு மனச்சோர்வு மருந்துகள் எழுதித் தரப்பட்டன. குடும்ப மருத்துவருக்குக் கிடைப்பது பத்து நிமிடம். பேச்சுவழிச் சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டும். மாத்திரைச் சீட்டு உடனே கிடைக்கிறது. இரவுப் பணி, வாடகை பாக்கி, பேச்சுத் துணையில்லாத வீடு பற்றி யாரும் கேட்பதில்லை. அந்த நாவலிலும் தொழிலாளியின் வாட்டத்துக்குக் காரணம் கேட்பவர் எவருமில்லை. என் கோபம் இந்தக் கேளாமையின் மீதுதான், மாத்திரையின் மீதல்ல.

நம் நாட்டு நிலைமையோ நேர்மாறு. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை. இங்கே போய், அரும்பாடுபட்டு மருத்துவரைத் தேடிப்போன ஒருவரிடம் சோமா என்று சொல்லலாமா? அவர் வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுவார்.

இம்மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம், நோயும் திரும்பலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.