அப்பத்தாவின் பத்து டாலர்

(குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் நடந்த ஒன்றைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களில் நாம் பெரும்பாலும் நன்றாக நடந்ததைத்தான் சொல்வோம். நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். அதன்பிறகு நான் கற்றுக்கொண்டது உங்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

எனக்குப் பழைய ரூபாய்த் தாள்கள் சேர்க்கும் பழக்கம் உண்டு. பி.எட். படித்த காலத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் மொரிஷியஸ் தாள் ஒன்றைக் கொடுத்தார். அதில் தமிழ் எழுத்தும் இருந்தது, நாம் அன்றாடம் பயன்படுத்தாத தமிழ் எண்ணும் இருந்தது. இந்தியப் பெருங்கடலில் ஒரு சிறு தீவு, அதன் பணத்தில் நம் எழுத்து. அன்றிலிருந்து கடல் கடந்த சிறு ஆட்சிப்பகுதிகள், தீவுகள், இன்று வரைபடத்திலேயே இல்லாத காலனிகள் வெளியிட்ட தாள்கள் என்றால் எனக்குத் தனி ஆர்வம். பெரிய தொகை எதுவும் செலவழித்ததில்லை. ஒரு சிறிய ஆல்பம், அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் சார்பில் ஒரு கண்காட்சி வைத்தோம். 8ஆம் வகுப்பில் பணம் பற்றிய பாடமும் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. "வீட்டில் பழைய காசு, பழைய நோட்டு இருந்தால் கொண்டுவாங்க" என்று சொன்னேன். மறுநாள் ஓட்டைக் காலணா வந்தது, ஓரணா வந்தது, இருபது பைசா வந்தது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவன் மட்டும் நான்காக மடித்த ஒரு தாளைக் கணக்கு நோட்டுக்குள்ளிருந்து எடுத்து நீட்டினான். பிரித்துப் பார்த்தேன். பத்து டாலர். வாழைமரமும் குலையும் அச்சிட்டிருந்தது. மேலே ஆங்கிலத்தில் ஜப்பானிய அரசாங்கம் என்று இருந்தது.

"எங்க அப்பத்தாவோடது டீச்சர். அப்பத்தாவோட அய்யா மலேயாவுல இருந்தாராம்" என்றான்.

எனக்கு ஒரே மகிழ்ச்சி. மடிப்பு விழுந்த இடங்களில் தாள் இற்றுப்போயிருந்தது. பிள்ளைகள் கை பட்டால் கிழிந்துவிடுமே என்று அன்று மாலையே கடைக்குப் போய் லேமினேஷன் செய்தேன். கண்காட்சியில் எல்லாரும் அந்தத் தாளைத்தான் சுற்றி நின்று பார்த்தார்கள். தலைமை ஆசிரியரும் பாராட்டினார்.

மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் அந்த அப்பத்தா பள்ளிக்கு வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. பேரன் கேட்காமல் எடுத்து வந்திருக்கிறான். வீட்டில் அடியும் வாங்கியிருக்கிறான். நான் தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்து, அதற்குள் வைக்கப் பார்த்தார். போகவில்லை.

"ஏம்மா டீச்சரு, இது இனிமே மடங்காதே" என்றார்.

வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. சூடு கொடுத்து ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாளும் சேர்ந்து கிழியும். அந்தத் தாள் இனி அப்படியேதான் இருக்கும்.

அந்த வாரச் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். பேரனை அடித்ததற்குக் காரணம் அவன் அல்ல, "வீட்டில் கேட்டு வாங்கி வாருங்கள்" என்று சொல்லாமல் விட்ட நான்தான் என்றும் சொன்னேன். பிறகு அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். அவருடைய தந்தை கங்காணியோடு கப்பலேறி மலேயா போய் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். போர் முடிந்து ஊர் திரும்பும்போது ஒரு கட்டு ஜப்பான் நோட்டைக் கொண்டுவந்திருக்கிறார். செல்லாது என்று தெரிந்ததும் வீட்டில் அதை அடுப்பில் போட்டிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் அப்பத்தாவின் தாயார் எடுத்து வைத்திருக்கிறார். "எங்க அய்யா அங்கன உழைச்சதுக்கு வேற என்ன அத்தாட்சி இருக்கு?" என்று அப்பத்தா கேட்டார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முறையாக அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தத் தாளின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வரும்வரை மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானிய ஆட்சியில் இருந்தன. அப்போது ஜப்பான் அச்சிட்ட தாள்களில் பத்து டாலர் தாளில் வாழைமரம் இருந்ததால், அந்தப் பணம் முழுவதற்குமே வாழைமர நோட்டு என்று பெயர் வந்துவிட்டது. இந்த ஆண்டுகளில்தான் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போடப்பட்டது. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் ஏராளமானோர் அங்கே மடிந்தார்கள். சயாம் மரண ரயில் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான்.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், ஜப்பான்காரங்க எதுக்கு இங்கிலீஷ்ல அடிச்சாங்க?" நான் எதிர்பார்க்காத கேள்வி. மக்களுக்குப் பழகிய பணம் ஆங்கிலத்தில் இருந்த டாலர். புதிய ஆட்சி வந்தாலும் பணம் பழைய பணத்தைப்போல இருந்தால்தான் கடைக்காரர் வாங்குவார். அதனால் மலேயாவுக்கு டாலர் அடித்தார்கள், பர்மாவுக்கு ரூபாய் அடித்தார்கள், பசிபிக் தீவுகளுக்குப் பவுண்டும் ஷில்லிங்கும் அடித்தார்கள். எல்லாம் ஒரே அரசு அடித்தவை. தாளில் உள்ள குறியீட்டின் முதல் எழுத்து எம் என்றால் மலேயா, பி என்றால் பர்மா, ஓ என்றால் பசிபிக் தீவுகள்.

முதலில் வந்த தாள்களில் வரிசை எண் இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டு, வெறும் எழுத்துக் குறியீட்டோடு அச்சடித்துத் தள்ளினார்கள். கடையில் பொருள் இல்லை, கையில் தாள் மட்டும் குவிந்தது. பணவீக்கம் என்பதை நாம் கரும்பலகையில் வரையறையாக எழுதிப் போடுகிறோம். அப்பத்தா வீட்டு அடுப்பில் எரிந்த கட்டைச் சொன்னபோது என் பிள்ளைகளுக்கு அது சட்டென்று விளங்கியது.

இதேபோல வகுப்பறைக்கு உதவும் வேறு சில தாள்களையும் சொல்கிறேன்.

நமக்கு மிக அருகில் இருந்த அயல் ஆட்சிப்பகுதி புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம். இந்தோசீனா வங்கி என்ற பிரெஞ்சு வங்கி அங்கே ரூபாய்த் தாள் வெளியிட்டது. பிரெஞ்சு மொழியோடு தமிழும் அதில் இடம்பெற்றது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962இல் சட்டப்படி இணைந்தது. கோவாவில் போர்த்துகீசியர் ரூப்பியா என்று தாள் வெளியிட்டு, 1959இல் அதை எஸ்குடோ என்று மாற்றினார்கள். 1961 டிசம்பரில் அந்த ஆட்சியே முடிந்தது. விடுதலைப் போராட்டம் 1947 ஆகஸ்டோடு முடிந்துவிட்டதாக நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தாள்களின் படத்தைக் காட்டினால் போதும்.

இன்னொன்று வளைகுடா ரூபாய். குவைத், பஹ்ரைன், கத்தார் போன்ற பகுதிகளில் ஒருகாலத்தில் நம் ரூபாய்தான் புழங்கியது. அதை வைத்துத் தங்கக் கடத்தல் நடந்ததால், 1959இல் ரிசர்வ் வங்கி அந்தப் பகுதிகளுக்கென்று நிறம் மாற்றித் தனித் தாள் வெளியிட்டது. வரிசை எண்ணுக்கு முன் இசட் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 1961இல் குவைத் தனக்கென்று தினார் வெளியிட்டது. 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபின் கத்தார் போன்ற வேறு சில பகுதிகளும் விலகின. திண்டுக்கல்லில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அங்கே ஒருகாலத்தில் நம் பணம் செல்லுபடியானது என்றால் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள்.

மொரிஷியஸ் இன்று சுதந்திர நாடு. அதன் நூறு ரூபாய்த் தாளில் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளித் தலைவரின் படம் உள்ளது. 1998இல் வெளியிட்ட புதிய தாள்களில் தமிழ் எழுத்து இருந்த வரிசை மாறிவிட்டது. அங்குள்ள தமிழர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் பழைய வரிசையில் மீண்டும் அச்சாயின. ஒரு வரி எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் மக்களுக்கு முக்கியம்தான்.

இவற்றைப் பாடமாக்க நான் நான்கு கேள்விகளை வைத்திருக்கிறேன். இந்தத் தாளில் வாக்குக் கொடுப்பவர் யார்? எந்தெந்த எழுத்துகள் உள்ளன, எந்த எழுத்து இல்லை? படத்தில் யார் அல்லது என்ன இருக்கிறது? இன்று இந்தத் தாள் செல்லுமா, செல்லாது என்றால் எப்போது, ஏன்? முதலில் நம் பத்து ரூபாய்த் தாளையே கையில் கொடுத்துத் தொடங்கலாம். தருவதாக உறுதி கூறிக் கையெழுத்திட்டிருப்பவர் ரிசர்வ் வங்கி ஆளுநர். பின்பக்கம் 15 மொழிகள் அடுக்கியிருக்கும், தமிழைத் தேடச் சொல்லுங்கள். ஒரு ரூபாய்த் தாளில் அந்த உறுதிமொழியே இருக்காது, கையெழுத்தும் மத்திய நிதித்துறைச் செயலாளருடையது. ஏன் என்று பிள்ளைகளையே தேட விடுங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

லேமினேஷன் வேண்டாம். செல்லோடேப் ஒட்ட வேண்டாம், தண்ணீரில் கழுவ வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம். பாலியெஸ்டர் உறைக்குள் வைத்து வெயில் படாமல் வைத்தால் போதும். சாதாரண பி.வி.சி. உறை நாளாவட்டத்தில் தாளைக் கெடுக்கும்.

பொருளைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பெரியவர் அனுமதியோடு கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வந்தால் போதும். கூடவே அது வீட்டுக்கு வந்த கதையை அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் எதுவும் இல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பழைய கூலி, பழைய விலைவாசி கேட்டு எழுதி வரலாம். கொண்டுவந்தவர், கொண்டுவராதவர் என்று வகுப்பு இரண்டாகப் பிரியக் கூடாது.

விலை பேசாதீர்கள். "லட்சம் கிடைக்குமா டீச்சர்?" என்று பெற்றோர் கேட்பார்கள். வாழைமர நோட்டு ஏராளமாகக் கிடைப்பது, பெரிய விலை கிடையாது. பழைய நோட்டை வாங்குவதாகச் சொல்லி, தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்கும் மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவையுங்கள்.

2016இல் செல்லாமல் போன 500, 1000 ரூபாய்த் தாள்களுக்குச் சட்டம் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் 10 தாள்கள் வரைதான் வைத்திருக்கலாம். படிப்பு, ஆய்வு, நாணயவியல் நோக்கத்துக்கு 25 வரை அனுமதி. பள்ளிக்கென்று சேர்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் பகுதியிலிருந்து மலேயாவுக்கும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் அநேகர். போய் வந்தவர்களின் மகனும் மகளும்கூட இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். ஒரு வாழைமர நோட்டை எந்த நாணயக் கடையிலும் வாங்கிவிடலாம். யார் கையில் அது கூலியாக விழுந்தது, யார் அதை அடுப்பிலிருந்து காப்பாற்றினார் என்பதை அந்தப் பெரியவர்கள்தான் சொல்ல முடியும். அவர்களிடம் கேட்டு எழுத நம் மாணவர்களால் முடியும். உங்கள் வகுப்பில் இந்த ஆண்டு ஒரு பிள்ளை ஒரு பெரியவரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதினாலும் போதும் என்பது என் வேண்டுகோள்.

அந்த மாணவன் எழுதிய இரண்டு பக்கம் எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கிறது. படித்துக் காட்டியபோது அப்பத்தா இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார், திருத்திக்கொண்டான். பத்து டாலர் இப்போது அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. சுருக்குப் பையில் வைக்க முடியவில்லை என்ற குறை அவருக்கு இன்னும் உண்டு. பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்வார். நானும் கேட்டுக்கொள்வேன்.