ஐந்து வாளிப் பால்



ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ என்றதும் எல்லோரும் கடைசிக் காட்சியைச் சொல்வார்கள். பன்றிகள் இரண்டு காலில் நடப்பதையும் மனிதர்களோடு அமர்ந்து சீட்டாடுவதையும் சொல்வார்கள். என்னை உலுக்கியது அதுவல்ல.

விலங்குகள் பண்ணையார் ஜோன்ஸை விரட்டிய மறுநாள், ஐந்து வாளி பால் கறந்து வைக்கப்படுகிறது. எல்லா விலங்குகளும் புல் அறுக்கப் போகின்றன. மாலையில் திரும்பினால் பால் இல்லை! அது பன்றிகளின் தீவனத்தில் கலப்பது பிறகுதான் தெரிகிறது. அடுத்து, ஆப்பிள்களும் அவற்றுக்கே. “நாங்கள் மூளையால் உழைக்கிறோம், எங்களுக்குச் சத்து வேண்டும், இல்லாவிட்டால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான்” என்கிற பொருளில் ஸ்க்வீலர் என்ற பன்றி பேசுகிறது. எல்லாம் தலையாட்டிவிடுகின்றன.

நண்பர்களே, பின்னாளில் சர்வாதிகாரியாகும் பன்றி நெப்போலியனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஆர்வெல் நம்மை விடவில்லை. பின்னால் அதனால் விரட்டப்படப் போகும் இன்னொரு பன்றித் தலைவன் ஸ்னோபாலும் இந்த ஏற்பாட்டுக்கு உடன்படுகிறது. நல்ல தலைவன் வென்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற ஆறுதலுக்கு அங்கே இடமில்லை. பாலும் ஆப்பிளும்தான் கதையின் திருப்பம், அன்றைக்கே மற்ற விலங்குகள் எதிர்த்து நின்றிருக்க வேண்டும் என்று 1946-இல் ஒரு கடிதத்தில் ஆர்வெல்லே விளக்குகிறார். எண்ணிப் பாருங்கள்: பின்னாளில் நெப்போலியனுக்காகக் குரல்வளையைக் கடித்துக் குதறப்போகும் ஒன்பது நாய்களும் அன்று குட்டிகள். அன்று கேட்டிருந்தால் யாருடைய உயிரும் போயிருக்காது.

இதை எழுதியவரைப் புரட்சியின் எதிரி என்று ஏசியவர்கள் உண்டு. 1937-இல் ஸ்பெயினில் பாசிசத்தை எதிர்த்துப் போரிட்டுத் தொண்டையில் குண்டடி பட்டவர் அவர்! அடுத்த மாதமே அவர் சேர்ந்து போரிட்ட போவும் கட்சியை, அவர் காக்கப் போரிட்ட ஸ்பானியக் குடியரசின் அரசே தடை செய்தது. உடன் நின்றவர்களுக்குப் பாசிஸ்ட் கையாள் என்ற பட்டம், சிறை. அவரும் மனைவியும் எல்லை தாண்டித் தப்பினார்கள். இந்த அங்கதம் அந்தக் காயத்தில் பிறந்தது.

போர்க்காலத்தில் சோவியத் நட்பு நாடு என்பதால், அதன் ஆட்சியைச் சாடும் இந்தக் கதையை வெளியிட லண்டன் பதிப்பகங்கள் தயங்கின. 1945 ஆகஸ்டில்தான் புத்தகம் வந்தது. 1947-இல் ஜெர்மனியின் முகாம்களில் இருந்த உக்ரேனிய அகதிகள் இதைத் தங்கள் மொழியில் அச்சிட்டார்கள். அதை வெளியிட்டவர்கள் அக்டோபர் புரட்சியை ஏற்றவர்கள், ஆனால் ஸ்டாலினை ஏற்காதவர்கள். ஆர்வெல் ஒரு காசும் வாங்காமல் முன்னுரையும் எழுதித் தந்தார். மியூனிக்கில் அமெரிக்க அதிகாரிகள் 1,500 பிரதிகளைப் பறித்து, சோவியத் அதிகாரிகளிடமே ஒப்படைத்தார்கள். அதற்குள் சுமார் 2,000 பிரதிகள் அகதிகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.