கடலும் நம் கிராமமும்

(தாமிரபரணிக் கரைக் கிராமம் ஒன்றின் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கடலைப் பற்றிப் பேச வந்தோம் என்றதும், "நெல்லும் வாழையும் பயிரிடும் நமக்குக் கடலோடு என்ன சம்பந்தம்?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பொதிகையில் தோன்றும் தாமிரபரணி நம் வயல்களுக்கு நீர் பாய்ச்சியபின், புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அது நீரை மட்டும் கொண்டு செல்வதில்லை. கடைத்தெருவில் எறிந்த பை, கலியாண வீட்டின் பின்புறம் குவித்த தம்ளர், உரமூட்டையின் உள்ளுறை ஆகிய யாவும் ஐப்பசி மழையில் ஓடைக்கு வந்து, ஆற்றில் இறங்கி, கடலுக்குப் போய்விடுகின்றன.

அக்கடல் சாதாரணமானதன்று. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் உள்ள அப்பகுதி, 1986-ஆம் ஆண்டில் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, அங்குள்ள கடற்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான பிராணி. பேராமைக்கும் அப்புல்லே உணவு. பாறை இடுக்குகளிலும் புற்பரப்பிலும் வளரும் மீன்குஞ்சுகளே பிற்பாடு மீனவர் வலைக்கு வந்து சேர்கின்றன. நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பை சொறிமீனைப் போலத் தோன்றுவதால் ஆமை அதை விழுங்கிவிடுகிறது. குடல் அடைபட்டபின் அதற்கு இரை செல்லாது. வயிற்றில் பையுடன் பட்டினியால் மடிகிறது.

பையினும் பொல்லாதது வலை. முன்னாளில் வலைகளைப் பருத்தி நூலால் பின்னி, துவர்நீரில் தோய்த்து உலர்த்திப் பயன்படுத்தினர். தவறிக் கடலில் விழுந்த வலை சில மாதங்களில் மட்கிப் போயிற்று. நைலான் வலை வந்தபின் மீனவருக்கு உழைப்பு குறைந்தது. வலையும் நெடுநாள் உழைக்கிறது. அந்த நற்குணமே கடலடியில் தீமையாகிறது. அறுந்து போன வலை ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். அதில் சிக்கிச் செத்த மீனைத் தின்ன நண்டு வரும், நண்டும் சிக்கும். எவர் கூடைக்கும் சேராமல் அழியும் இந்த மீனெல்லாம் மீனவர் குடும்பங்களின் நஷ்டமே. இதற்காக அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. கடன் வாங்கி வாங்கிய வலையை மனமுவந்து கடலில் விடுபவர் எவருமிலர். புயலிலும் பாறையிலும் இழப்பதே மிகுதி. ஆனால் பழுது பார்க்கையில் வெட்டி எறியும் துண்டுகளைக் கரையிலேயே சேர்த்து வைக்கலாம் என்று அவர்களிடமும் நாம் சொல்லி வருகிறோம்.

வெயிலும் அலையும் பிளாஸ்டிக்கை அழிப்பதில்லை, பொடியாக்குகின்றன. தூத்துக்குடி உப்பளங்களின் உப்பில் அத்தகைய நுண்துகள்களைக் கண்டதாக ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில் எழுதியுள்ளனர். நம் வீட்டு உப்பு எங்கிருந்து வருகிறது என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கொல்லம் அருகேயுள்ள நீண்டகரைத் துறைமுகத்தில் 2017-ஆம் ஆண்டில் ஒரு நல்ல ஏற்பாடு தொடங்கியது. மீனுடன் வலையில் ஏறிவரும் பிளாஸ்டிக்கைப் படகினர் மீண்டும் கடலில் வீசாமல் கரைக்குக் கொணர்ந்தனர். பெண்கள் அதைக் கழுவித் தரம் பிரித்தனர். பின்னர் அதைத் துண்டாக்கிச் சாலைத் தாருடன் கலந்தனர். அவ்வாறு கலக்கும் முறையை வகுத்தவர் நம் மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், 2018-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஆயினும் கடலுக்குள் போனதில் மிகச் சிறிய பங்கே இவ்வாறு திரும்பி வரும். கடற்கரையில் ஒருநாள் குப்பை பொறுக்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்வதையும் நாம் பழிக்கவில்லை. அடுத்த மழைக்கு அக்கரை மீண்டும் நிறைந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம், அவ்வளவே.

ஆகவே வேலை இங்கேதான். மெல்லிய பை, தம்ளர் முதலிய 14 வகைப் பொருள்களை நம் மாநில அரசு 2019 ஜனவரி முதல் தடை செய்திருக்கிறது. தடை இருந்தும் சந்தையில் பை கைமாறுவதை நாம் எல்லோரும் அறிவோம். வாங்குபவர் கேட்பதால்தான் விற்பவர் வைத்திருக்கிறார். நம் வயதினர் சிறுவராயிருந்த காலத்தில் மீன் பனையோலைப் பெட்டியிலும், கருப்பட்டி ஓலைக் கொட்டானிலும் வீட்டுக்கு வந்தன. பனை இன்னும் நம் ஊரில் நிற்கிறது. பெட்டி முடையத் தெரிந்த பெண்களும் இருக்கிறார்கள். மகளிர் குழுவினர் இதை யோசிக்க வேண்டுகிறோம்.

குப்பையைக் கொளுத்திவிடலாம் என்று இளைஞர் ஒருவர் சொன்னார். கூடாது, அப்புகை நஞ்சு. மட்கும் குப்பையை வேறாகவும் மட்காததை வேறாகவும் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஓடையின் இரு கரைகளையும், பாலத்தடியையும் நாம் கூடிச் சுத்தம் செய்வோம். சாக்கும் மண்வெட்டியும் கொண்டு வருகிறவர்கள் கூட்டம் கலையுமுன் பெயர் கொடுத்துச் செல்லுங்கள். முதல் மழைநீர் ஓடையில் இறங்குமுன் அவ்வேலை முடிந்தாக வேண்டும்.