பழங்கதை பாடும்போது



பழைய இலக்கியக் கதைகளைப் பாட்டும் ஆட்டமும் கொண்ட மேடை நாடகங்களாக ஆக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. மூலக் கதையை மாற்றலாமா? மாற்றலாமென்றால் எவ்வளவு தூரம் மாற்றலாம்? தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், பாடசாலை நாடகப் போட்டிகள் நெருங்கும் காலத்தில் இக்கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்வதுண்டு. நமது நாட்டு அரங்கிலேயே இதற்கு விடை இருக்கிறது.

1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ற் அரங்கிலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ அரங்கேறியது. அது ஒரு பௌத்த ஜாதகக் கதை. வில்வித்தை கற்று முடித்த இளைஞன் குருவின் மகளை மணந்து காட்டு வழியே ஊர் திரும்புகிறான். வழியிலே கள்வர் தலைவனோடு கைகலக்க நேர்கிறது. கணவன் வாளைக் கேட்கிறான். மனைவியோ வாளின் பிடியைக் கள்வனின் கைக்கு எட்டச் செய்துவிடுகிறாள். பெண் மனத்தின் பேதைமைக்கு ஓர் உதாரணம் என்று தீர்ப்புக் கூறி ஜாதகக் கதை முடிந்துவிடுகிறது.

சரச்சந்திர அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. அவரது நாடகத்திலே எதிரி ஒரு வேடர் அரசன். கூட்டம் தன் பக்கம் இருந்தும் தனியே நின்று பொருதவன் அவன். ஆகவே அவனை உயிரோடு விட்டுவிடலாமே என்று இளவரசி பரிந்து பேசுகிறாள். அதைக் கேட்டு இளவரசன் திகைத்து நின்ற கணத்திலே வாள் கைமாறுகிறது. குற்றம் யாருடையது? இரக்கங்கொண்ட அவளுடையதா, ஐயங்கொண்ட அவனுடையதா? கதை தீர்ப்பாகச் சொன்னதை நாடகம் கேள்வியாக்கிவிட்டது.

1961இல் வந்த அவரது ‘சிங்கபாகு’வும் இத்தகையதே. தந்தையாகிய சிங்கத்தின்மீது மகன் அம்பு எய்கிறான். மகன்மீது அன்பு இருந்தவரை அம்புகள் சிங்கத்தைத் தைக்கவில்லை. சினம் புகுந்ததும் தைத்தது. மகாவம்சம் இதனைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்து செல்கிறது. சரச்சந்திரவோ அந்த இடத்திலேயே நம்மை நிறுத்திப் பிள்ளைகளைப் பிரிந்த ஒரு தந்தையின் துயரைப் பாட வைத்தார்.

உரைநடையிலே கதை ஓடும். பாட்டிலே கதை நிற்கும். எனவே எங்கே நிற்பது என்று தெரிந்தெடுப்பதுதான் பழங்கதையைப் பாட்டு நாடகமாக்குபவரின் முதல் வேலை. மூலம் விரைந்து கடந்த இடம் எதுவோ, அதுவே பாட்டுக்குரிய இடம்.

‘மனமே’யின் ஆடல் பாடல் வடிவம் சிங்கள ‘நாடகம’ மரபிலிருந்து பெறப்பட்டது. அம்மரபோ நமது தமிழ்க் கூத்தோடு உறவுடையது. தமிழிலே இப்பணியைச் செய்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, பின்னர் ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவற்றை அவர் மேடையேற்றினார். விடிய விடிய வட்டக் களரியில் ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்து, சில மணித்தியாலத்துள் அடங்கி நகர மண்டபங்களுக்கு வந்தது. மத்தளமும் தாளமும் பிற்பாட்டும் அதனோடு கூடவே வந்தன.

‘இராவணேசனில்’ இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. அந்த இராவணன் வெறும் அரக்கனல்லன். தன் வீரத்தாலும் மானத்தாலும் தானே அழியும் ஒரு பெருமகன். இது கம்பனுக்கு மாறானதா? இல்லை. முதல் நாட் போரிலே படைக்கலம் இழந்து, வெறுங்கையோடு இலங்கைக்கு மீளும் இராவணனைக் கம்பனே நமக்குக் காட்டியிருக்கிறான். காவியத்திலே புதைந்து கிடந்த வித்துத்தான் கூத்திலே மரமாயிற்று.

ஆகவே மாற்றத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வேர் மூலத்திலே இருக்கவேண்டும். இராவணனைக் குற்றமேயற்ற உத்தமனாக ஆக்கினால் அவனுக்கு வீழ்ச்சி இல்லை. வீழ்ச்சி இல்லையேல் துன்பியலும் இல்லை. கறுப்பை வெள்ளையாக்குவது மறுவாசிப்பாகாது. அதுவும் மற்றொரு தீர்ப்பே.

இன்று பல பாடசாலை மேடைகளிலே நான் காண்பது வேறு. மினுங்கும் உடை இருக்கிறது, வண்ண ஒளி இருக்கிறது. பாட்டு மட்டும் எங்கோ ஒலிப்பதிவாகி வருகிறது. பிள்ளைகள் அதற்கேற்ப வாயசைக்கிறார்கள். போட்டியிலே பரிசும் கிடைக்கலாம். ஆனால் இளவரசியின் தயக்கத்தைத் தன் தொண்டையிலே ஒரு முறையேனும் உணராத பிள்ளைக்கு அந்தக் கதை எப்படிச் சொந்தமாகும்? சற்றுச் சுருதி பிசகினாலும் பாதகமில்லை, பிள்ளை தானே பாடட்டும். ஊரிலே அண்ணாவியார் ஒருவர் இருந்தால் அவரைப் பாடசாலைக்கு அழையுங்கள். ஒரு தருவைத் தாளத்தோடு சொல்லிக்கொடுக்க அவரைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

நமது சமூகம் தீர்ப்புகளை அவசரமாகச் சொல்லிப் பழகிய சமூகம். பெண்ணென்றால் இப்படி, பகைவனென்றால் அப்படி என்று பழங்கதைகளின் பேரால் நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அந்தக் கதைகளிலே குற்றஞ்சாட்டப்பட்டவரும் தம் பக்கத்தைச் சொல்ல ஓர் இடம் கொடுப்பது நாடகம். அடுத்த முறை ஒரு காவியக் கதையை மேடைக்கு எடுக்கும் ஆசிரிய நண்பர்கள், இக்கதையிலே இதுவரை பேசாதிருப்பவர் யார் என்று முதலிலே மாணவரைக் கேட்கட்டும். முதற்பாட்டு அவருக்குரியதாகட்டும்.