குழுவாகப் பனிச்சறுக்கச் செல்வோர்க்கு

பனிச்சறுக்கச் செல்லும் குழுவில் வல்லவரும் இருப்பர். சறுக்குப்பலகையைத் தொட்டறியாதவரும் இருப்பர். அனைவருக்கும் ஏற்ற இடம் யாது? சுவிற்சர்லாந்தில் எளிய பாதைக்கு நீலமும், நடுத்தரப் பாதைக்குச் சிவப்பும், கடினமான பாதைக்குக் கறுப்பும் அடையாளமாகும். கறுப்புப் பாதைகளை மட்டும் கருதி இடந்தேர்ந்தால், புதியவர் அஞ்சி ஒதுங்குவர். அன்றேல், நாணத்தால் துணிந்திறங்கி எலும்பை முறித்துக்கொள்வர்.

வெங்கன் என்னும் மலையூரை நோக்குக. 1930ஆம் ஆண்டில் தொடங்கிய லௌபர்ஹோர்ன் பந்தயத்தின் கடுஞ்சரிவு அவ்வூர்ப்புறத்தே முடிகிறது. தொடக்கநிலையாளர் பயிலும் மென்சரிவோ ஊர் நடுவிலேயே உண்டு. சறுக்காதோரும் பற்சக்கர இரயிலேறி, 2061 மீற்றர் உயரத்திலுள்ள கிளைனே சைடெக்கில் நண்பருடன் உணவருந்தலாம்.

ஆகவே, இடந்தேர்வோர் முதலில் வினவவேண்டியது, பயிற்சி மிகக் குறைந்தவர் எங்கே பழகுவார் என்பதே. வல்லவர் தம் வழியைத் தாமே காண்பர்.