அம்மாவின் முழங்கால் வலிக்கு சிபிடி வாங்கலாமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கித் தொகுக்கப்பட்டுள்ளது.)

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற நம்ம ஆட்கள் ஊருக்குக் கிளம்பும்போது அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "அம்மாவுக்கு முழங்கால் வலி. இங்க கடையில சிபிடி எண்ணெய் விக்கிறாங்க. ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போகலாமா?"

முதல்ல, சிபிடின்னா என்ன? கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டு என்ற வகைப் பொருள்கள் நூற்றுக்கு மேல் இருக்கு. அதில் நமக்குத் தெரியவேண்டியது இரண்டு. டிஹெச்சி போதை தரும். சிபிடி போதை தராது. டிஹெச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத செடியை 'ஹெம்ப்' என்று தனியாகப் பிரித்து, 2018 டிசம்பரில் அமெரிக்கா போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. அதுக்கப்புறம்தான் எண்ணெய், கம்மி மிட்டாய், கிரீம் என்று கடை முழுக்க வந்து குவிஞ்சது.

ஆனா ஒண்ணு கவனிங்க. அமெரிக்காவின் எஃப்டிஏ மருந்தாக அங்கீகரித்த சிபிடி, 'எபிடியோலெக்ஸ்' என்ற ஒன்றுதான். அதுவும் சில அரிய வகை வலிப்பு நோய்களுக்கு. மூட்டு வலிக்கோ தசை வலிக்கோ அங்கீகாரம் பெற்ற சிபிடி எதுவும் இல்லை. கடையில் இருக்கிற பாட்டில் மருந்துக்கான சோதனைகளைக் கடந்து வந்தது இல்லை.

சரி, அங்கீகாரம் இல்லைன்னா பலனும் இல்லைன்னு அர்த்தமா? அதை ஆய்வுதான் சொல்லணும். டென்மார்க்கில் ஒரு ஆய்வு. கை மூட்டுத் தேய்மானமும் சோரியாசிஸோடு வரும் மூட்டுவாதமும் இருக்கிற 136 பேர். ஒரு பாதிக்கு தினமும் 20லிருந்து 30 மில்லிகிராம் சிபிடி, மறு பாதிக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது. 12 வாரம் கழிச்சுப் பார்த்தா, இரண்டு பக்கமும் வலி கொஞ்சம் குறைஞ்சிருந்தது, ஏறக்குறைய ஒரே அளவுக்கு.

"அளவு கம்மியா இருந்திருக்கும்"னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. வியன்னாவில் முழங்கால் தேய்மானம் இருக்கிற 86 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 2023ல் வெளிவந்தது. அதில் நாளைக்கு 600 மில்லிகிராம், எட்டு வாரம். எல்லாருக்கும் பாராசிட்டமாலும் கொடுத்தாங்க. சிபிடியால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. பக்கவிளைவுகள் மட்டும் சிபிடி எடுத்தவர்களிடம் அதிகமாக இருந்தன.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போடுங்க. 30 மில்லி பாட்டில், மேலே 300 மில்லிகிராம்னு போட்டிருக்கு. அதாவது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். வியன்னாவில் கொடுத்த அளவை எட்டணும்னா அம்மா தினமும் இரண்டு பாட்டில் குடிக்கணும். அவ்வளவு கொடுத்தும் முழங்கால் வலிக்குப் பலன் தெரியலைங்கிறப்போ, நாக்குக்கு அடியில் விடுற நாலு சொட்டு என்ன செய்யும்?

"எங்க மாமாவுக்குக் கேட்டுச்சே!" என்பார்கள். அவர் பொய் சொல்லலை. மூட்டு வலி தானாவே ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம புது மருந்தைத் தேடுவோம், அது தணியும்போது பேர் மருந்துக்குப் போயிடும். அதோட நம்பிக்கைக்கும் வலியைக் குறைக்கிற சக்தி உண்டு. கிரீம் வகையில் இன்னொன்று: பலவற்றில் மென்தால், கற்பூரம் சேர்த்திருப்பாங்க. குளுகுளுன்னு இதமா இருப்பது அதனாலதான். அந்த இதம் நம்ம வீட்டுத் தைலத்திலேயே கிடைக்கும்.

பலன் இல்லைன்னாலும் கெடுதல் இல்லையே? இங்கதான் நான் பயப்படுறேன். 2017ல் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 26ல் மட்டும். 18ல் டிஹெச்சி இருந்தது. தசை வலிக்காக இதை எடுக்கிற விளையாட்டு வீரர்களுக்கும் இதே சிக்கல்தான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2018ல் சிபிடியைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனா போட்டி நேரத்தில் டிஹெச்சிக்குத் தடை தொடருது.

வயசானவங்களுக்கு ஆபத்து வேற மாதிரி. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவங்க உடம்பில், அந்த மாத்திரை சிதைவதை சிபிடி மெதுவாக்கும். ரத்தக்கசிவு வரலாம். கல்லீரல் என்சைம்கள் ஏறலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்த அம்மா தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா, முழங்கால் வலி அப்புறம் சின்ன விஷயமாத் தெரியும்.

பயணத்தையும் சொல்லணும். இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் செடியின் பூ நுனியும் பிசினும் தடைசெய்யப்பட்டவை. விதையும், பூ நுனி சேராத இலையும் அந்தத் தடைக்குள் வராது. அதனாலதான் இலையிலிருந்து செய்த 'விஜயா' ஆயுர்வேத மருந்துகள் அங்கே கிடைக்குது, அதையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுக்கணும். அமெரிக்க சிபிடி எண்ணெய் பெரும்பாலும் பூவிலிருந்து எடுப்பது. சிங்கப்பூர் வழியாப் போறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், அங்கே கஞ்சா சார்ந்த பொருள்களுக்குத் தண்டனை மிகக் கடுமை. கம்மி மிட்டாய்தானேன்னு பெட்டியில் போடாதீங்க.

அப்போ அம்மாவுக்கு என்னதான் வாங்கிட்டுப் போறது? டைக்ளோஃபெனாக் ஜெல் இருக்கு. முழங்கால், கை மூட்டுத் தேய்மானத்துக்குப் பலன் நிரூபிக்கப்பட்டது. ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். தடவுறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே எடுக்கிற மாத்திரைகளைச் சொல்லி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. தொடையின் முன்பக்கத் தசையை வலுப்படுத்துற பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி, இறக்கணும். ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். எடை கூடியிருந்தா, ஒரு கிலோ குறைஞ்சாலே ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்குற பாரம் நாலு கிலோ குறையும்.

அம்மா ஏற்கெனவே சிபிடி எடுத்துக்கிட்டு இருந்தா திட்டாதீங்க. திட்டினா மறைப்பாங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது மாத்திரை டப்பாவோடு அந்தப் பாட்டிலையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. அதை மேஜையில் வைத்தாலே போதும், மற்றதை அவர் பார்த்துக்குவார்.